வாசலோடு நின்றுவிடும் கல்வி

எமது திணைக்களத்து இரும்பு அலுமாரியின் மேற்றட்டிலே பல ஆண்டுகளாக ஓர் இறுவட்டு இருந்து வந்தது. அதன் உறையில் எந்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. கறுத்த மையினால் யாரோ எழுதிய நீண்ட தொடரிலக்கம் ஒன்று மட்டுமே காணப்பட்டது. நாம் விரிவுரையாளராகச் சேர்ந்த வாரத்திலே, ஓய்வுபெற இருந்த மூத்தவர் ஒருவர் அலுமாரித் திறப்பை எம்மிடம் தந்து, "இதைக் கவனமாக வைத்திருங்கோ, தம்பி, இது இல்லாவிட்டால் மூன்றாம் வருடத்துப் பிள்ளைகளுக்குச் செயன்முறை நடத்த ஏலாது" என்று கூறிச் சென்றார். புள்ளிவிபரப் பகுப்பாய்வுக்குரிய வெளிநாட்டு மென்பொருள் ஒன்றின் பிரதி அது. விலை கொடுத்து வாங்கப்படாத பிரதி.

அதைக் கையிலெடுக்கும்போது நாணவேண்டும் என்ற எண்ணம் எமக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஏகபோக மூலதனத்தின் இயல்பு பற்றி முதலாம் வருட மாணவருக்கு ஒரு மணி நேரம் விரிவுரை நிகழ்த்துவோம். விரிவுரை முடிந்ததும் செயன்முறைக் கூடத்துக்குச் சென்று, அதே மூலதனத்தின் சரக்கொன்றை விலை கொடாமல் எடுத்து மாணவர் கையிற் கொடுப்போம். இதனை ஒருவகை எதிர்ப்பு என்றுகூட நாம் மனத்துக்குள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை எமக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி.

2018ஆம் ஆண்டிலே இறுதி வருட ஆய்வுக்காக எம்மிடம் வந்தவள் அவள். மலையகத் தோட்டமொன்றிலே பிறந்தவள். தேயிலைத் தோட்டப் பெண்களின் வேலை நாட்களையும், கழிவுகள் போக அவர்கள் கைக்கு வரும் சம்பளத்தையும் ஆராய விரும்பினாள். லயன் லயனாக ஏறி இறங்கி வினாக்கொத்துகளை நிரப்பிக்கொண்டு வந்தாள். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்த அண்ணன் தவணைமுறையில் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி அவளிடம் இருந்தது. எமது பழைய இறுவட்டு அந்தப் புதிய கணினியில் இயங்கவில்லை. "அதுக்கென்ன, பிள்ளை, எங்கேயாவது எடுத்துப் போடுங்கோ" என்றோம். எவ்வளவு இலகுவாக அதைச் சொன்னோம் என்பது இன்றும் எமக்கு நினைவிருக்கிறது. அவளும் யாரோ ஒருவரிடமிருந்து பூட்டு உடைக்கப்பட்ட பிரதியொன்றைப் பெற்றுக் கணினியிற் போட்டாள். அதனோடு ஒட்டி வந்த வைரஸ் அவளுடைய கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது. ஆய்வேடு கையளிப்பதற்கு ஒரு மாதமே இருந்தது.

கடதாசி வினாக்கொத்துகள் எஞ்சியிருந்தமையால் அவள் பிழைத்தாள். இரவு பகலாக இருந்து அனைத்தையும் மீண்டும் பதிந்தாள். எம் முன்னால் அவள் அழவில்லை. ஆனால் ஒருநாள் எமது மேசைக்கு எதிரே நின்று, "படிப்பு இலவசம்னுதானே சொல்றாங்க, சேர், அப்புறம் ஏன் இதை மட்டும் களவா எடுக்க வேண்டியிருக்கு?" என்று கேட்டாள். அது குற்றச்சாட்டன்று, விளங்கிக்கொள்ள விரும்பிய ஒருத்தியின் கேள்வி. எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

இலவசக் கல்வி என்பது இந்நாட்டு உழைக்கும் மக்கள் பெற்ற பேறுகளுள் பெரியது. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அத்திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் 1970களிலேயே அரசின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. அம்மாணவியின் பாட்டனார் காலத்திலே இலவசக் கல்வி தோட்டத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. பேத்தி அந்த எல்லையைத் தாண்டிப் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டாள். அவளுக்கு இப்போது வேறோர் எல்லை குறுக்கே நின்றது.

அந்த எல்லை எது? கற்பதற்கு வேண்டிய கருவிக்கு டொலரில் விலை குறிக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் பணம் செலுத்தி உரிமம் வாங்கினால், அந்த உரிமம் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக் கணினிகளுக்கு உரியது. ஆண்டு முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். மாணவர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. பட்டம் பெற்று வெளியேறிய மறுநாள் அதைத் தொடவும் முடியாது. நான்கு ஆண்டுகள் பழகிய கருவியை வாசற் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போகவேண்டும். இல்லையேல் களவெடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. ஆகவே எமது அலுமாரியிலிருந்த இறுவட்டு சட்டப்படியும் குற்றமே.

களவுப் பிரதி ஏகபோகத்தை எதிர்க்கின்றது என்று எண்ணுவதும் தவறு. எமது மாணவர் வேறெந்தக் கருவியையும் அறியாதவராய் வெளியேறினர். வேலைக்குச் சென்ற இடங்களிலே தமக்குத் தெரிந்த ஒரே கருவியைத்தான் வாங்குமாறு கேட்டனர். அரச திணைக்களங்களும் வங்கிகளும் பணம் செலுத்தி அதை வாங்கின. நாம் விலை கொடாமல் வழங்கிய ஒவ்வொரு பிரதியும் அந்த நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத விற்பனை முகவராக வேலை செய்தது. எதிர்ப்பு என்று நாம் கருதியது உண்மையில் ஊழியமே.

மென்பொருளைப் பூட்டி விற்கும் வழக்கம் மிகப் பழையதென்று பலர் எண்ணுகின்றனர். 1969இல்தான் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைப் பொறியினின்றும் வேறாக்கித் தனி விலை வைக்கத் தீர்மானித்தது. அதற்கு முன்னர் நிரல்கள் பொறியோடு சேர்ந்தே வந்தன. ஆய்வுகூடங்கள் அவற்றைத் திருத்தித் தம்முள் பகிர்ந்துகொண்டன. நிரல் எழுதுபவர் மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் எழுதுவது மூல நிரல். பொறிக்கு மட்டும் விளங்கும் வடிவில் அது பின்னர் மாற்றப்படுகின்றது. மூல நிரலை மறைத்துவிட்டு மாற்றப்பட்டதை மட்டும் விற்பது, பரியாரியார் சரக்கின் பெயரைச் சொல்லாமல் குளிகையை மட்டும் தருவதைப் போன்றது. குளிகை நோயைத் தீர்க்கலாம். ஆனால் அதிற் பிழையிருந்தால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பரியாரியார் கண்மூடினால் மருந்தும் அவரோடு போய்விடும்.

இந்த மறைப்பை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே அவர் பணியாற்றிய காலத்தில், அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கினால் அனைவருக்கும் அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980ஐ அண்டிப் புதிய அச்சுப்பொறியொன்று வந்தது. அதன் மூல நிரல் வரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லையென்று தாம் கையொப்பமிட்டிருப்பதாக அவர் மறுத்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தவர் இன்னொரு பல்கலைக்கழகத்தவருக்கு அறிவைக் கொடுக்க மறுத்தார் என்பதுதான் ஸ்டோல்மனைச் சுட்டது. 1983இல் குனூ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, உள்ளே பார்த்துக் கற்று மாற்றும் உரிமை, பிரதியைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை, மாற்றியதையும் பிறருக்குக் கொடுக்கும் உரிமை என்னும் நான்கையும் உறுதிசெய்யும் பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவரான லினஸ் டோவால்ட்ஸ் தமது 21ஆவது வயதிலே லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு அதே பொது உரிமத்தின்கீழ் அதைக் கொண்டுவந்தார். 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

எம் மாணவியின் கேள்விக்கு விடை தேடியபோது நாம் கண்டடைந்தது 'ஆர்' என்னும் ஓரெழுத்துப் பெயர் கொண்ட புள்ளிவிபர மென்பொருளை. ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் இருவர், றொஸ் இஹாகாவும் றொபேட் ஜென்டில்மனும், தம் மாணவருக்குக் கற்பிப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் அதை எழுதினர். சூரிச்சிலிருந்த புள்ளிவிபரவியலாளர் மார்ட்டின் மெக்லர் தூண்டியதால் 1995இல் அதைப் பொது உரிமத்தின்கீழ் உலகுக்குக் கொடுத்தனர். இதை வாசித்தபோது எமக்கு வெட்கமாக இருந்தது. அவர்களும் எம்மைப்போல் வகுப்பறையில் நின்ற ஆசிரியர்களே. கருவி இல்லையென்றபோது அவர்கள் ஒன்றைச் செய்தனர். நாம் அலுமாரியைத் திறந்தோம்.

இருந்தும் எமது பல்கலைக்கழகம் மாறியது எம்மைப் போன்றோரின் வெட்கத்தினால் அன்று. 2020ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் வாசல்கள் மூடப்பட்டபோது, பாடங்களை மாணவரிடம் கொண்டுசேர்க்க எம்மிடம் இருந்தது மூடில் என்னும் கற்றல் முகாமைத்துவ மென்பொருள். அதுவும் திறந்த மூலத்தது. அதை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலக் குடியிருப்பொன்றிலே வானொலிவழிப் பாடசாலையிற் படித்து வளர்ந்தவர். ஆசிரியரை நேரிற் காணாமற் கற்பதன் துன்பத்தை அறிந்த ஒருவரின் ஆக்கம், மரக்கிளையில் ஏறி நின்று அலைவரிசை தேடிய எமது பிள்ளைகளுக்கு உதவியது பொருத்தமே.

பின்னர் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. டொலரில் உரிமக் கட்டணம் செலுத்துவது எப்படி? எமது பல்கலைக்கழகம் உரிமங்களைப் புதுப்பிக்கவில்லை. திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துமாறு சுற்றறிக்கையொன்று வந்தது. ஆய்வுகூடங்களில் லினக்ஸும், அலுவலகங்களில் லிப்ரே ஒஃபிஸும், வகுப்பறைகளில் ஆரும் நுழைந்தன. கொள்கை செய்யாததை வறுமை செய்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. "சும்மா கிடைப்பது சும்மாதான் இருக்கும்" என்றார் ஒருவர். "பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது" என்றார் இன்னொருவர். அலுவலக எழுதுவினைஞர்களின் முறைப்பாடே நியாயமானது. கடிதங்களின் ஒழுங்கு குலைந்தது. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய பழைய தமிழ் ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினிகளில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அது திறந்த மூலத்தின் குற்றமன்று. யுனிகோட் முறையிலே 1991 தொடக்கம் தமிழுக்கு இடம் இருந்தும் நாம் மாறாதிருந்ததன் விளைவு. ஆனால் குற்றம் யாருடையதாயினும், மாலை ஆறு மணிவரை இருந்து கடிதங்களை மீளத் தட்டெழுதியவர் அந்த எழுதுவினைஞரே. சுற்றறிக்கை எழுதியவர்கள் அவருக்கு ஒருநாட் பயிற்சிகூட ஒழுங்குசெய்யவில்லை. மேலிருந்து இறக்கப்படும் மாற்றம், எவ்வளவு நல்லதாயினும், கீழே உள்ளவரின் தோளிலேதான் வந்து விழுகின்றது. இதை முற்போக்காளர் மறக்கலாகாது.

எமக்கும் அது எளிதாயிருக்கவில்லை. ஐம்பதை அண்டிய வயதிலே புதிய மொழியொன்றை எழுத்துக்கூட்டிப் பயில வேண்டியிருந்தது. பழைய மென்பொருளில் பட்டியலைத் திறந்து ஒன்றைத் தெரிவுசெய்தாற் போதும், விடை வந்துவிடும். ஆரிலே நாம் செய்ய விரும்புவதை நாமே எழுதவேண்டும். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது: பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்த சில பகுப்பாய்வுகள் உள்ளே எப்படி நடைபெறுகின்றன என்பது எமக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மாணவர் எம்மிலும் விரைந்து கற்றனர். ஒருநாள் எமது தவறொன்றை இரண்டாம் வருட மாணவன் ஒருவன் எழுந்து திருத்தினான். வகுப்பு அமைதியாயிற்று. நாம் அவனை முன்னால் அழைத்து, மீதிப் பாடத்தை அவனையே நடத்தச் சொன்னோம். அத்தகைய வகுப்பு அந்த இறுவட்டின் காலத்தில் எமக்கு வாய்த்ததில்லை.

ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. அதனால் அம்மொழியிலே பெருங்குழப்பம் உண்டு. தமிழிலோ இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. சொல் தெளிவாயிருந்தும் எமது நிர்வாகிகள் இலவசத்தை மட்டுமே கண்டனர். பணமில்லாமையால் வந்த மாற்றம் பணம் வந்தவுடன் போய்விடும். சும்மா எடுத்துக்கொண்டு எதையும் திருப்பிக் கொடாதவர், களவுப் பிரதியைப் பயன்படுத்தியவரிலும் பார்க்கச் சட்டத்தில் மட்டுமே உயர்ந்தவர்.

இந்த மென்பொருட்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. அவையும் மனித உழைப்பே. 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலே 'ஹார்ட்பிளீட்' என்ற பெருங்குறையொன்று வெளிப்பட்டது. இணையத்தின் பெரும் பகுதியினுடைய இரகசியங்களைக் காத்து வந்த ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மூல நிரலை, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்து வந்தனர் என்பதும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே அவர்களுக்கு நன்கொடையாகக் கிடைத்தது என்பதும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. கோடிக்கணக்கில் இலாபமீட்டிய நிறுவனங்கள் அந்தச் சிலரின் தோள்மேல் நின்றன. திறந்த மூலமும் சுரண்டலுக்கு இடங்கொடுக்கும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பொதுக் கிணற்றிலே எல்லோரும் நீர் அள்ளலாம். தூர்வாரும் நாளில் எத்தனை பேர் வருகின்றனர் என்பதே கேள்வி.

தூர்வார வந்தவர்கள் எமது நாட்டிலும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் எமது கரைகளை விழுங்கிய சில நாட்களுக்குள், இங்குள்ள கணினித் தொண்டர்கள் கூடிக் காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதியும் மென்பொருளொன்றை ஆக்கினர். நிவாரணம் என்ற பொருள்படும் சிங்களச் சொல்லால் 'சஹனா' என்று அதற்குப் பெயரிட்டனர். பூட்டி வைக்காமல் உலகுக்குக் கொடுத்தனர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியின் அழிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. கூகிள் நிறுவனம் 2005இல் மாணவருக்கெனத் தொடங்கிய திறந்த மூலக் கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளிலே, உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் மிகுதியான மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. எம்மவருக்குக் கொடுக்கத் தெரியாதென்று யாரும் சொல்ல இயலாது.

கொடுப்பதற்குப் பெரிய பொறியியலாளராய் இருக்க வேண்டுமென்பதுமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை எண்ணிப் பாருங்கள். திறந்த மூலமான மீடியாவிக்கியை அடித்தளமாகக் கொண்டு, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் அதன் தொண்டர்கள் வருடி எவரும் வாசிக்க வைத்தனர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்ட அறிவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல பிரதிகளாய்ப் பலர் கையில் இருப்பதே அறிவுக்குப் பாதுகாப்பு.

இப்போது நாட்டின் நிலை சற்றுத் தேறியிருக்கிறது. பழைய உரிமங்களை மீண்டும் வாங்கலாம் என்ற யோசனை அடுத்த பீடச் சபைக் கூட்டத்துக்கு வருகின்றது. மூடிய மென்பொருள் எதையும் தொடவே கூடாது என்று நாம் வாதிடப் போவதில்லை. சில துறைகளுக்கு வேறு வழியில்லை என்பதை அறிவோம். நாம் வைக்கப்போவது ஒரே அளவுகோல்: கற்பிக்கும் கருவியை, பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் சட்டப்படியும் செலவின்றியும் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியுமா? முடியாதெனின், அதை முதன்மைக் கருவியாகக் கற்பிக்க எமக்கு என்ன உரிமை? வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எழுதுவினைஞரின் பயிற்சிக்கும், நாம் பயன்படுத்தும் திறந்த மூலத் திட்டங்களுக்கும் ஒதுக்க முடியாதா?

அக்கூட்டத்துக்கு நாம் ஒரு கடிதத்தையும் கொண்டுசெல்வோம். அந்த மாணவி இன்று மலையகப் பாடசாலையொன்றில் ஆசிரியை. எங்கோ கழித்துவிடப்பட்ட ஆறு கணினிகளைப் பெற்று, லினக்ஸை நிறுவி, மழை பெய்த நாட்களை எண்ணிப் பதிந்து வரைபடம் வரையப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறாள். எழுதியிருந்தாள்: "கணினித் திரையில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருப்பதாகப் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், சேர். நானும் பார்த்தேன், பிழைதான். திருத்துவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?"

"அனுமதி கேட்க வேண்டியதில்லை, பிள்ளை. சரியான சொல்லை எழுதி மொழிபெயர்ப்போருக்கு அனுப்புங்கோ, அவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள்" என்று பதில் எழுதினோம். அன்று மாலையே அந்த இறுவட்டை அலுமாரியிலிருந்து எடுத்து உடைத்துக் குப்பையிற் போட்டோம்.